ஜன்னலில் வைத்துப் பார்ப்பவர்

இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து, இரு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிப் பார்க்கிறார். அடித்தாளின் எழுத்தும் மேல்தாளின் எழுத்தும் அச்சாகப் பொருந்தினால் "ம்" என்று ஒரு சத்தம். பொருந்தாவிட்டால் சத்தம் இல்லை. அலுவலகத்தில் அவருக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். வயது நாற்பத்தொன்பது. கணினி நிரல் எழுதத் தொடங்கி இருபத்தாறு ஆண்டு, நான்கு மாதம்.

"கம்ப்யூட்டர்கிட்ட குடுத்தா ஒரு செகண்ட்ல ஒப்பிட்டுச் சொல்லிடுமேக்கா" என்பார் எதிர்மேசைக்காரர்.

"சொல்லும். நான் கேட்டதுக்கு மட்டும் சொல்லும். வெச்சுப் பாத்தாத்தான் கேக்காததும் தெரியும்."

"எங்கள வேக வெச்சுல்ல பாக்கறீங்க."

அவர் சொல்வது நியாயம். கண்ணாடி அசையக் கூடாது என்பதற்காக அந்த ஜன்னல் பதினொரு வாரமாகக் கொக்கி போட்டே இருக்கிறது. அறைக்கு இருப்பது அந்த ஒரு ஜன்னல்தான்.

மருத்துவமனை மருந்தகத்தில் மருந்து உறைமேல் ஒட்டும் சீட்டுகளை வார்ப்புரு நூலகம் என்ற ஆயத்த நிரல்தொகுப்பு ஒன்று தயாரிக்கிறது. மாறாத வாசகத்தை எழுதி, பெயர், மருந்து, வேளை ஆகியவற்றுக்கு இடம் விட்டு வைத்தால், அந்த இடங்களை நிரப்பித் தருவது அதன் வேலை. முன்பின் தெரியாத ஒருவர் எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் பொதுவில் வைத்தது. அதன் நிரல்மொழி புதிய இயந்திரத்தில் ஓடாது. பழைய இயந்திரத்தைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அணைத்துவிடுவார்கள். அதற்குள் நூலகம் முழுவதையும் வேறொரு நிரல்மொழிக்கு மாற்றியாக வேண்டும்.

மருந்தகத்தின் தலைமை மருந்தாளர் அக்காவின் அண்ணிதான்.

"ஏம்மா நாத்தனாரே, திங்கக்கிழமை சீட்டு வரலன்னா நான்தான் கையால எழுதணும். என் கையெழுத்து ஒனக்கே தெரியும். ஜனங்க பாவம்" என்று வாரத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் நினைவூட்டினார்.

அக்காவிடம் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. மாற்றிய ஒவ்வொரு பகுதிக்கும் தேதி, அருகில் பச்சைப் பென்சிலில் ஒரு குறி. "நல்லா எழுதறது என் வேலை இல்ல. அவர் எழுதினத எழுதறதுதான் என் வேலை" என்பார். மூலத்தில் இருந்த கோணல்களையும் கோணலாகவே கொண்டுவந்தார்.

ஒரே ஒரு வரியைத் தவிர. அதன் மேலே நூலகக்காரர் குறிப்பு எழுதியிருந்தார்: 'இந்த வரியைத் தொடாதீர்கள். ஏன் என்பது மறந்துவிட்டது.' அக்கா இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். அந்த வரி இல்லாமலே, நூலகத்தோடு வந்த நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் தேறின. "அவருக்கே மறந்து போச்சு, நமக்கெதுக்கு" என்று விட்டுவிட்டார். நோட்டில் அந்த இடத்தில் மட்டும் பச்சைக் குறி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, அண்ணி கொடுத்திருந்த இருநூறு மாதிரிச் சீட்டுகளும் பழையபடியே வருகின்றன என்று கணினி சொல்லிவிட்டது. அக்கா அப்படியும் எழுந்து ஜன்னலுக்குப் போனார். நான்கு முறை "ம்" கேட்டது. ஐந்தாவது கேட்கவில்லை.

"என்னக்கா, சத்தத்தக் காணோம்?"

"ஒண்ணுமில்லாதது எடத்த அடச்சுக்கிட்டு நிக்குது."

முதல் நான்கு சீட்டின் நோயாளிகளுக்கும் எல்லா விவரமும் இருந்தது. ஐந்தாமவருக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை. பழைய சீட்டில் ஒவ்வாமைக்கான வரி மறைந்து, அடுத்தது மேலேறியிருந்தது. புதியதில் அந்த இடத்தில் இரண்டு வெற்று வரிகள். அவை தள்ளியதில், 'தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது' என்ற கடைசி வரி சீட்டை விட்டு வெளியேறி, அடுத்த ஆளின் சீட்டில் போய் உட்கார்ந்திருந்தது. கணினி மேல் பழி இல்லை. இரண்டு மொழிகளும் இடைவெளி விடும் விதம் வேறு என்பதால், வெற்றிடத்தைக் கண்டுகொள்ளாதே என்று பதினொரு வாரம் முன்பு அதற்குச் சொல்லி வைத்தவர் அக்காவேதான்.

அவர் நோட்டைத் திறந்து, குறியில்லாத இடத்தில் விரலை வைத்தார். விட்ட வரியை எழுதிச் சேர்த்தார். இருநூறையும் மறுபடி அச்சிட்டு, ஜன்னலில் வைத்துப் பார்த்து முடிக்கையில் மணி மூன்று நாற்பது. இருநூறு "ம்". எதிர்மேசைக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு அக்கா நூலகக்காரருக்கு, அந்த வரி காலியான இடத்தை மூடுவதற்காக என்று எழுதி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது: 'அப்பாடா. ஒன்பது வருடமாக அதைக் கண்டாலே எனக்குப் பயம்.'

திங்கட்கிழமை மதியம் அண்ணி நேரிலேயே வந்தார்.

"காலைலேருந்து முந்நூறு சீட்டுக்கு மேல போயிருக்கு. நான் பேனாவத் தொடவே இல்ல. இந்தா, அஞ்சாம் நம்பர் மாதிரி. பழசு ஒண்ணு, இன்னிக்கு அடிச்சது ஒண்ணு. சும்மா ஞாபகத்துக்கு வெச்சுக்கோ."

அக்கா சும்மா வைத்துக்கொள்ளவில்லை. பழைய சீட்டின் பின்தாளை உரித்துக் கண்ணாடியில் ஒட்டினார். புதியதை உரித்து, மூலைக்கு மூலை பார்த்து, அதன்மேல் ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"ம்."

பிறகு கொக்கியை நீக்கி, ஜன்னலைச் சீட்டுகளோடு சேர்த்து வெளியே தள்ளித் திறந்தார்.