அப்பாவின் நீல வாளி

நியூசிலாந்தில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில் புதன்கிழமை காலையில் ஒரு கை வரும். ஆள் வராது, கை மட்டும்தான். லாரியின் விலாவிலிருந்து நீளும் அந்த இரும்புக் கை, வாசலோரம் நிற்கும் தொட்டியைப் பிடித்துத் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடும். ஒரு புதன் மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடித் தொட்டி, மறு புதன் மற்ற குப்பைக்கான சிவப்பு மூடித் தொட்டி. பாட்டில்களைக் கழுவ வேண்டும், மூடியைக் கழற்ற வேண்டும், அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்க வேண்டும். தப்பாகப் போட்டால் தொட்டியில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். லாரி ஓட்டுபவரின் முகத்தை நான் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

வந்த புதிதில், தேங்காயெண்ணெய் வழியும் பாட்டிலைப் போட்டு நானும் ஒரு ஸ்டிக்கர் வாங்கினேன். பக்கத்து வீட்டு கிரஹாம் அதைப் படித்துவிட்டு, "கன்டாமினேட்டட், லவ்" என்றார் அக்கறையாக. எனக்குத்தான் ஏதோ நோய் என்கிறார் என்று பதறி, போன மாதம்தான் டாக்டரைப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை என்று விளக்கினேன். மனிதர் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அழுக்கு கலந்து குப்பை கெட்டுவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தமாம். கொடைக்கானலுக்குப் போன் போட்டு, "தொட்டிக்குத் தீட்டாம்ப்பா" என்றேன். "குப்பைக்கே தீட்டா? வெளங்கிரும்" என்று அப்பா இருமல் வரும்வரை சிரித்தார்.

அப்பா வத்தலக்குண்டு மலைப்பாதையில் முப்பது வருடம் பஸ் கண்டக்டர். அம்மா போன பிறகு கொடைக்கானல் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். போன வருடம் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறி வாய் லேசாகக் கோணியது. மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் போட்டால் தனியாக இருக்கலாம், இல்லையென்றால் அவரைத் தனியாக விடக்கூடாது என்றார் டாக்டர். தினமும் போனில் "போட்டீங்களா?" என்பேன். "ஆச்சு, ஆச்சு" என்பார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த "ஆச்சு"வின் எடை தெரியும். நம்பவும் முடியாது, நம்பாமல் தூங்கவும் முடியாது. இந்த மே மாதம் நேரில் பார்த்து முடிவெடுப்பது என்று கிளம்பினேன். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, அவர் அங்கேயே இருக்கட்டும். இல்லையா, கையோடு கூட்டி வந்துவிடுவது. விசா காகிதங்கள் என் பையில் இருந்தன.

கொடைக்கானலில் எங்கள் சந்து செங்குத்து. குப்பை வண்டி மேலே ஏறாது. காலை ஏழு மணிக்குக் கீழே வளைவில் நின்று, பேத்துப்பாறையிலிருந்து வரும் பாண்டியம்மா விசில் ஊதுவார். ஆளாளுக்கு இரண்டு வாளியோடு இறங்க வேண்டும். பச்சை வாளியில் மக்கும் குப்பை, அது உரத்துக்குப் போகும். நீல வாளியில் மக்காத குப்பை, அதைக் கொட்டகையில் வகை பிரிப்பார்கள். அப்பாவுக்கு விசில் கேட்டால் உட்காரத் தெரியாது. அவர் பாண்டியம்மாவுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். ஒத்த விசில் என்றால் நில், ரெண்டு விசில் என்றால் போகலாம். அந்த அம்மாளும் அப்படியே ஊதி நிறுத்தி, அப்படியே ஊதிக் கிளம்புகிறார்.

வந்த மறுநாளே என் அதிமேதாவித்தனத்தைக் காட்டினேன். எழுபத்து நாலு வயதில் எதற்கு வாளி தூக்க வேண்டும் என்று, அப்பா எழுவதற்கு முன்னால் வெள்ளனே இரண்டு வாளியையும் கீழே வளைவில் வைத்துவிட்டு வந்து படுத்தேன். நியூசிலாந்துப் பழக்கம். விசில் கேட்டு இறங்கினால், காட்டுமாடு ஒன்று பச்சை வாளிக்குள் தலையை விட்டுத் தின்றுவிட்டு, நிதானமாக நடந்து போய்க்கொண்டிருக்கிறது. நீல வாளியைக் குரங்குகள் தெருவெல்லாம் இறைத்திருந்தன.

"யக்கா, இங்க வச்சிட்டுப் போகக்கூடாதுங்க. கையில குடுக்கணும்" என்றார் பாண்டியம்மா. குனிந்து பொறுக்கினோம். சுருட்டிய பால் கவர் ஒன்று கிழிந்து கிடந்தது. உள்ளே மாத்திரை அட்டைகள். ஒரு மாத்திரைகூடப் பிதுக்கப்படவில்லை.

ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தேன். பாண்டியம்மா என்னையே பார்த்தார்.

"ரெண்டு மாசமா இப்படித்தான் வருதுங்க. ஐயா, மக கிட்டச் சொல்லிருவேன்னேன். நம்பரக் குடுத்தாத்தான சொல்லுவன்னுட்டுப் போயிட்டாரு."

வெட்கமாக இருந்தது. நான் தினமும் வீடியோவில் அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த அம்மாள் அவர் குப்பையைப் பார்த்தார். அவருக்குத்தான் என் அப்பாவைத் தெரிந்திருந்தது.

வீட்டுக்குப் போய் அட்டைகளை மேசையில் வைத்தேன். அப்பா ஸ்வெட்டர் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அதப் போட்டா கிறுகிறுன்னு வருது ஆத்தா. வாளியத் தூக்கிட்டு எறக்கத்துல எப்படி எறங்குறது? விழுந்தா நீ என்னையக் கூட்டிட்டுப் போகப் பொட்டி கட்டிருவ. சொன்னாலும் கட்டிருவ."

"அங்க வந்தா என்னப்பா?"

"அங்க குப்பை எடுக்கக்கூட ஆளு வராதுன்னு நீதான சொன்ன."

 சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். அழுதுவிட்டேன்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். மூன்று வாரம் கூடவே இருந்து பார்த்தேன், தலை சுற்றவில்லை. கிளம்பும்போது பாண்டியம்மாவிடம் என் நம்பரைக் கொடுத்தேன். "வேவு பாக்க ஆளு வச்சிட்டா" என்று அப்பா சந்து முழுக்கக் கேட்கும்படி புலம்பினார். விசா காகிதங்களை என் பையிலேயே திருப்பிக் கொண்டு வந்தேன்.

நேற்று புதன்கிழமை. மத்தியானம், காலியான மஞ்சள் மூடித் தொட்டியை உள்ளே இழுக்கப் போனபோது போன் அதிர்ந்தது. இங்கே மத்தியானம் என்றால் அங்கே குப்பை வண்டி நேரம். பாண்டியம்மா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். கையுறை போட்ட உள்ளங்கையில் ஒரு மாத்திரை அட்டை, எல்லாக் குழியும் காலி. "பாருங்கக்கா, ஐயா அட்டையையும் கழுவித்தான் குடுக்குறாரு. உங்க ஊருச் சட்டமாம்." பின்னால் வெறும் நீல வாளியோடு அப்பா மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்காமல். அப்புறம் ரெண்டு விசில்.

போகலாம் என்று அர்த்தம். தொட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், வாசலோரம் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.