வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்ட டேனிஷ் மேசை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய சாமான் கடையில் கார் சாவியைக் கீழே போட்டேன். எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன்: அந்தத் தேக்கு மேசையின் அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை ஒளிந்திருந்தது. மேசையின் வயிற்றுக்குள் இன்னொரு மேசை! சாவியை மறந்து அங்கேயே மல்லாந்து படுத்துவிட்டேன். தேய்ந்துபோன முத்திரையில் டென்மார்க் என்பதை மட்டும் படிக்க முடிந்தது.

"தங்கச்சி, மேசைக்கு மேலதான் லா சாப்பிடுவாங்க," என்றார் கடைக்காரர்.

வடிவமைத்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் அவர் வீடும் எங்கள் கிள்ளான் வீட்டைப்போலச் சின்னதாக, சொந்தக்காரர்கள் மட்டும் நிறையப்பேராக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் மேசையை இழுத்து எட்டு பேர் மேசையாக்க யாருக்குத் தோன்றும்?

வாங்கிய மேசையோடு லோரி வீட்டு வாசலில் வந்து நின்றதும் அம்மா கேட்டைப் பாதிதான் திறந்தார்.

"என்னடி, கால் இவ்வளவு ஒல்லியா இருக்கு? என் கண்ணாடி மேசை எங்க போகும்?"

இழுத்துக் காட்டினேன். இரண்டு பலகையும் வழுக்கிக்கொண்டு வந்தன. அம்மா அசரவில்லை.

"நீளுது, சரி. தீபாவளிக்கு எட்டு வாழையிலை ஒரே பந்தியில போடணும். போட்டா இருக்கட்டும். இல்லன்னா மறுநாளே லோரி."

அதற்கப்புறம் ஒருநாள், "இதுக்கு வார்னிஷ் கிடையாதும்மா. அப்பப்ப எண்ணெய் வைக்கணும்," என்று பெருமையடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் நல்லெண்ணெய்.

தீபாவளிக் காலையில் பலகையை இழுத்தேன். அசையவில்லை. அப்பா இழுத்தார். மேசையே அவர் பின்னால் நடந்து வந்தது.

"எண்ணெய் வச்சீங்களாம்மா?"

"நீதானடி சொன்ன. வெள்ளிக்கிழமை தவறாம தேய்ச்சேன். இடுக்கெல்லாம் ஊறட்டும்னு ஊத்தியும் விட்டேன்."

"வெள்ளிக்கிழமையா? அப்ப இது பொம்பளப்புள்ள," என்றார் அப்பா. "சீயக்காய் போட மறந்துட்டியே!"

எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகியிருந்தன. மறுபடி மேசைக்கடியில் படுத்தேன். மேல்பலகையில் ஒரு திருகாணிகூட இல்லை. மரமுளைகளின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. என்றாவது கழற்றித் துடைக்க வேண்டிவரும் என்று அதை வடிவமைத்த மனிதர் எதிர்பார்த்திருக்கிறார். நல்லெண்ணெயைத்தான் எதிர்பார்க்கவில்லை.

அப்பாவும் நானும் மேல்பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, பழைய கைலியைக் கிழித்துத் துடைத்தோம். இடது பலகை முனகிக்கொண்டே வெளியே வந்தது. வெளிச்சம் படாததால் அதன் நிறமே வேறு.

"சட்டைக்குள்ள இருந்த தோள் மாதிரி இருக்கு," என்று அம்மா முதல்முறையாக அதைத் தடவிப் பார்த்தார்.

வலது பலகை வரவேயில்லை. அதற்குள் வாசலில் சொந்தக்காரர்களின் கார் வந்துவிட்டது. மேல்பலகையைத் திரும்ப வைத்தோம். நெருக்கிப் போட்டதில் ஏழு இலைதான் விழுந்தது. எட்டாவதை அப்பா முக்காலியில் விரித்துக்கொண்டு, "எனக்கு ரசம் பக்கத்துல இருந்தா போதும்," என்றார்.

விருந்து முடிந்ததும் நானே கேட்டேன்: "லோரியக் கூப்பிடவா?"

அம்மா இலைகளை மடித்து எடுத்தார். "ஏழுதான், எட்டு இல்ல." கொஞ்சம் யோசித்தார். "எண்ணெய் ஊத்துனது நான். பொங்கல் வரைக்கும் இருக்கட்டும்."

ஆக, வருகிற சனிக்கிழமை மேல்பலகையை மறுபடி தூக்குகிறோம். தண்ணீர் படாமல், உலர்ந்த பொடியைத் தூவி எண்ணெயை இழுக்க முடியுமா என்று பார்க்கவேண்டும். அப்பா சீயக்காய்ப் பொடி என்கிறார், அம்மா கடலை மாவு என்கிறார். முதலில் அடிப்பக்கம், யார் கண்ணுக்கும் படாத ஓரத்தில், இரண்டையும் ஒவ்வொரு சிட்டிகை போட்டுப் பார்க்கப்போகிறேன்.