கண்ணாடி மேல் படித்த பிரெயில்

ஸ்டெல்லாவுக்கு மெமோ வந்த மறுநாள்தான் நான் முதன்முதலாகப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டெல்லா, மர்பி டவுன் பகுதியில் குடியிருக்கும் பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். என்னைப் போலவே பார்வை கிடையாது. ஸ்டாப்பில் பஸ் வரும். எந்த நம்பர் என்று யாரையாவது கேட்பதற்குள் போய்விடும். தினமும் லேட். அதற்குத்தான் மெமோ.

நான் அப்போது பார்வையற்றோர் சங்கம் ஒன்றில் பிரெயில் ப்ரூஃப் ரீடர்; புள்ளி எழுத்தை விரலால் தடவிப் பிழை பார்ப்பவன். வேறு யாரும் சிக்காததால் மனு கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பஸ் நின்றதும் கண்டக்டர் நம்பரையும் போகுமிடத்தையும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அதிகாரி நல்ல மனிதர். காபி வரவழைத்தார்.

"கண்டக்டர் கத்துறதெல்லாம் பழைய காலம் சார். மாடர்னா பண்ணலாம். ஸ்டாப்ல பிரெயில் போர்டு வெச்சுடலாம்!"

"எந்த பஸ் வந்து நிக்குதுன்னு போர்டு சொல்லாதே சார்?"

"முதல்ல போர்டு வரட்டும். மத்தது ஆமேலே, அப்புறமாப் பார்க்கலாம்."

ஸ்டெல்லாவின் ஸ்டாப்பில் நிற்கும் பஸ்களின் பட்டியலை அலுமினியத் தகட்டில் எங்கள் பிரஸ்ஸிலேயே அடித்தார்கள். மூன்று தடவை ப்ரூஃப் பார்த்தேன். மனப்பாடமே ஆகிவிட்டது.

திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அதிகாரி என் கையைப் பிடித்துப் போர்டின் மேல் வைத்தார். வழவழவென்று இருந்தது. கண்ணாடி!

"எங்க ஆபீஸ்ல கண்ணாடி இல்லாம எந்த நோட்டீஸ் போர்டும் வெக்கிறதில்ல சார். பூட்டியாச்சு. சாவி டிப்போல பத்திரமா இருக்கு. படிங்க சார்!"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சால்வை கழுத்தில், போட்டோக்காரர் எதிரில், குடித்த காபி வேறு நினைவில். கண்ணாடி மேல் விரலை ஓட்டி, பட்டியலை முழுக்க ஒப்பித்தேன். நடுவில் ஓரிடத்தில் தடுமாறுகிற மாதிரி நடித்து, விரலைப் பின்னுக்கு இழுத்து மறுபடி "படித்தேன்". கைதட்டல் பறந்தது. பக்கத்தில் நின்ற ஸ்டெல்லாவும் கையை நீட்டித் தடவினாள்.

"சார், கண்ணாடி சார்!"

"தெரியும்மா. சும்மா இரு."

மறுநாள் பேப்பரில் போட்டோ. அதை அவள் மேனேஜர் பார்த்துவிட்டார். "உங்க ஸ்டாப்ல போர்டே வெச்சுட்டாங்க. இனிமே என்ன சாக்கு? அடுத்த திங்கட்கிழமையிலேர்ந்து ஒரு நாள் லேட்டானாலும் வேலை இல்ல" என்றாராம். அவள் போனில் அழுதபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி ஃபைலை எடுத்து வாசித்தார்: "மனுதாரர் நேரில் படித்துப் பார்த்துத் திருப்தி தெரிவித்தார். முடிக்கப்பட்டது."

"நான் படிக்கல சார். கண்ணாடி மேல எப்படிப் படிக்கிறது?"

"எல்லார் முன்னாடியும் படிச்சீங்களே? நடுவுல ஒரு எழுத்து சந்தேகம் வந்து திரும்பக்கூடப் பார்த்தீங்க!"

"நடிச்சேன் சார்."

அவர் ஃபைலைப் பட்டென்று மூடினார்.

"அப்ப எழுதிக் குடுங்க. இல்லேன்னா முடிஞ்ச ஃபைலைத் திறக்க முடியாது."

எழுதிக் கொடுத்தேன். "நான் படித்தது பொய்" என்று நான் சொல்லச் சொல்ல கிளார்க் டைப் அடித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு தாள் வீணாக்கினார். மானம் கப்பலேறியது. ஆனால் ஃபைல் திறந்தது. அந்த வாரக் கடைசியில், அந்த ஸ்டாப்பில் கண்டக்டர்கள் நம்பரைச் சொல்ல வேண்டும் என்று சர்குலர் போனது.

திங்கட்கிழமை காலை சங்கத்தில் போன் அடித்தது. ஸ்டெல்லா, தன் டெலிபோன் போர்டிலிருந்து.

"சீட்ல உக்காந்துட்டேன் சார். மேனேஜர் இன்னும் வரல. கண்டக்டர் கத்துன கத்துல ஸ்டாப்பே திரும்பிப் பார்த்துச்சு சார்!"

மனுவோடு போகும் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கொடுத்தது உபயோகப்படாது என்றால் சால்வையோடு நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் இப்போதெல்லாம் எந்தத் திறப்பு விழாவிலும் தடவுவதற்கு முன் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறேன். டங்கென்று கண்ணாடிச் சத்தம் கேட்டால், கையை எடுத்துவிட்டு மைக்கைக் கேட்கிறேன்.