ஐஸ்கிரீம் வண்டிக்குக் குப்பை கொண்டுபோனவர்

மகளோடு நான் வந்திருக்கும் இந்த வெளிநாட்டு ஊர் ஸ்ரௌவ்வில்லில் எங்கள் தெருவுக்கு வெள்ளிக்கிழமை மாலைகளில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் வண்டி வரும். கோடையின் முதல் வெள்ளி, பக்கத்து வீட்டு லின் அம்மா இரண்டு கைகளிலும் முடிச்சுப் போட்ட குப்பைப் பைகளோடு அந்த வண்டியை நோக்கி ஓடினார். தாய்வானிலிருந்து மகனிடம் வந்து எட்டு மாதமான மனுசி. வண்டிக்காரன் "நோ, நோ" என்று கையை ஆட்டினான். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். இங்கே வேறு எதைப் பார்த்துச் சிரிப்பது? நடக்கிற தூரத்தில் ஒரு கடை கிடையாது. மகள் கார் எடுத்தால்தான் எனக்குக் கால். யாழ்ப்பாணம்–காரைநகர் பஸ்ஸில் முப்பது வருடம் சனத்துக்குள் நசுங்கி டிக்கெற் கிழித்தவனுக்கு நல்ல தண்டனை.

என் வாய் சும்மா இருந்ததா? சாப்பாட்டு மேசையில் மகள் மதுராவுக்கு நடித்தே காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, உது பகிடியில்லை. மறதி வருத்தம் உப்பிடித்தான் தொடங்கும். அவவின்ர மகனுக்குச் சொல்லோணும்."

சொல்லியும்விட்டாள். இரண்டு நாளில் லின் வீட்டுக் கதவுக்கு நம்பர் பூட்டு வந்தது. உள்ளேயிருந்து திறக்கவும் நம்பர் அடிக்க வேண்டும். டொக்டரிடம் காட்டிவிட்டு மகன் அவரை முதியோர் இல்லத்தில் விடப்போகிறானாம்.

அவருக்கு மிஞ்சியது வேலியடைத்த பின்வளவு. அங்கே நின்று வேலி இடுக்கால் போனை நீட்டுவார். அவர் தன் மொழியில் பேச, அது செய்தி வாசிப்பதுபோலத் தமிழில் சொல்லும். அவருடைய இடம் பான்ச்சியாவ், நியூ தைப்பே நகரத்திலேயே சனம் கூடிய பகுதி. கம்பி போட்ட ஜன்னல்களோடு ஐந்து மாடி வீடுகள், ஒழுங்கை முழுக்க ஸ்கூட்டர்கள். அங்கே குப்பையை நிலத்தில் வைக்கக் கூடாது. மாலையில் மஞ்சள் குப்பை லொறி பாட்டுப் போட்டுக்கொண்டு வர, ஒழுங்கையே பைகளோடு இறங்கி நிற்கும். யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சுகமில்லை, எல்லாக் கதையும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். கேட்கக் கேட்க எனக்கு அந்த ஊருக்கு ஒரு டிக்கெற் எடுத்தால் என்ன என்றிருந்தது. கடைசியில் போன் சொன்னது: "அது ஐஸ்கிரீம் என்று எனக்குத் தெரியும். கால்தான் முதலில் போய்விட்டது."

ஐயோ, என்ன வேலை பார்த்துவிட்டேன்! அவர் மகனிடம் ஓடினேன். நான்கு வயதில் சித்தியோடு இங்கே வந்தவன். அந்த லொறியை அவனுக்கு எங்கே ஞாபகம்? என் உடைந்த ஆங்கிலத்தில் "அம்மா நோ சிக், மியூசிக், கார்பேஜ், குட்" என்றேன். "தாங்யூ அங்கிள்" என்று என் தோளைத் தட்டிக் கதவைச் சாத்தினான். மதுராவிடம் சொன்னேன். "நீங்கள் உதுக்குள்ள போகாதேங்கோ" என்றாள்.

நேற்று வெள்ளி. பாட்டுக் கேட்டது. லின் அம்மா பூட்டிய வீட்டுக்குள், ஜன்னல் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தபடி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கராஜிலிருந்து ஒரு குப்பைப் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஒரு ஆளாவது அவருக்குத் துணையாகப் பையோடு நிற்கட்டும் என்றுதான். என்னைக் கண்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

வண்டி என்னைத் தாண்டிப் போனது. திரும்பினேன். எங்கள் வாசலில் மதுரா, கையில் போனோடு நின்றாள்.

"அப்பா, அது ஐஸ்கிரீம் வண்டி," என்றாள், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக.

"எனக்குத் தெரியும் பிள்ளை," என்றேன். லின் அம்மாவும் அதைத்தான் சொன்னார்.