ஓவர் சொல்லாத குரல்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சாயாவைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போங்கள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் கேலி செய்கிற ஆள் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் ஒரு மீன் கம்பெனி ஆபீசில் எனக்கு வேலை, கடலுக்குப் போன போட்டுகளோடு வயர்லெஸ்ஸில் பேசுவேன். வீட்டிலிருந்து யாராவது போன் செய்தால் ரிசீவரின் காதுப் பக்கத்தை வயர்லெஸ் மைக்கிலும் வாய்ப் பக்கத்தை ஸ்பீக்கரிலும் ஒட்டிப் பிடிப்பேன், அவ்வளவுதான் இணைப்பு. பட்டனை அழுத்தினால் கரை பேசும், விட்டால் கடல் பேசும், இரண்டும் சேர்ந்து நடக்காது. அதனால் பேசி முடித்ததும் "ஓவர்" சொல்ல வேண்டும். சண்டை பிடிக்கும் பெண்டாட்டிகள்கூட "நீயெல்லாம் ஒரு மனுசனா, ஓவர்" என்று மரியாதையாகத்தான் முடிப்பார்கள். மற்ற போட்டுக்காரர்கள் மொத்தப் பேரும் ஒட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டெல்லா கூப்பிட்டாள். குளச்சல் பெண், தலைப்பிரசவம். அவள் கணவன் மரியதாஸ் எங்கள் நாலாம் நம்பர் போட்டில் டிரைவர். குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியும் அவள் மசியவில்லை.

"அவரு ஒரு வார்த்த சொல்லட்டும் சேச்சி, பிறவு என்னைய எப்பிடி வேணும்னாலும் வெட்டட்டும்" என்றாள்.

நாலாம் நம்பரைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், பதிலே இல்லை. கடைசியில், நீயே பேசிப் பாரம்மா, ஒருவேளை அவனுக்குக் கேட்கலாம் என்று சொல்லி பட்டனை அழுத்திப் பிடித்தேன். அவள் பேச முடியாமல் அழுதாள். அப்போதுதான் ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது.

"அழாத புள்ள. டாக்டரு சொல்லுததக் கேளு. பொம்பளப் புள்ளதான், நல்லா இருக்கும்."

மரியதாஸின் குரலேதான். ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சி "சரி, ஓவர்" என்று போனை வைத்தாள். சாயங்காலமே பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஆபீசில் எல்லாருக்கும் நெய்யப்பம் வாங்கிக் கொடுத்தேன்.

அதைத் தின்ன வந்த மெக்கானிக் சேட்டனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வாயில் போட்டதை மெல்லாமல் என்னைப் பார்த்தார்.

"நாலாம் நம்பரோட வயர்லெஸ் செட்டு இங்கயல்லே கிடக்குது" என்றார்.

என் மேசைக்கடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துப் பிரித்தார், உள்ளே அந்த செட்டு. போட்டு புறப்பட்ட அன்று நான் லீவு. ரிப்பேர் என்று செட்டைக் கழற்றி அங்கே போட்டிருக்கிறார், என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். மற்ற போட்டுகளை விசாரித்தேன். ஸ்டெல்லா அழுதது எல்லாருக்கும் கேட்டிருக்கிறது, ஆண் குரல் மட்டும் யாருக்கும் கேட்கவில்லையாம்.

மரியதாஸ் கரையிறங்கிய பிறகுதான் தான் அப்பா ஆனதையே தெரிந்துகொண்டான். தான் பேசவே இல்லை என்று அவன் தன் தலையில் அடித்துச் சொல்லியும் ஸ்டெல்லா நம்பவில்லை, வெட்கப்பட்டு மறைக்கிறார் என்று இன்றைக்கும் சிரிப்பாள்.

எனக்குத்தான் முழுசாகச் சிரிக்க வரவில்லை. அன்று என் விரல் பட்டனை விட்டு எழும்பவே இல்லை, அழுத்தியிருக்கும்போது ஸ்பீக்கர் ஊமை. அது போகட்டும். அந்தக் குரல் கடைசியில் ஓவர் சொல்லவில்லை. இப்போதும் போனில் எதிர்ப்பக்கம் கொஞ்சம் அமைதியானால், அது மிச்சத்தைச் சொல்லப்போகிறதோ என்று வைக்காமல் காத்திருக்கிறேன்.