துடைத்துவிட்ட வெள்ளைப் புள்ளி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன்.

ஒரு நாள் முற்பகல், ஆத்தங்குடியிலிருந்து ஒருவர் தன் மனைவியோடு வந்தார். காலையில் எழுந்ததிலிருந்து அவருக்கு வலது கை விரல்கள் மரத்துப்போய், டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியவில்லையாம். மெஷின் சத்தத்துக்குப் பயந்து நெளிந்துகொண்டே இருந்ததால், ஸ்கேனைச் சீக்கிரம் முடிக்க வேண்டியதாயிற்று. மூளைக்குள் நீர் எப்படி நகர்கிறது என்று காட்டும் படம் அது. மணலைத் தூவியதுபோல ஒரே புள்ளிகளாக வந்தது.

அந்தப் புள்ளிகளைத் துடைக்கக் கம்ப்யூட்டரில் இரண்டு வழி உண்டு. ஒன்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்க்கும். இன்னொன்று, ஏதாவது ஒன்றின் விளிம்பு வந்தால் அங்கே நின்றுவிடும். ஆனால் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்ய நேரம் ஆகும். வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். முதல் வழியிலேயே அழுத்தித் தேய்த்தேன். படம் வழவழவென்று ஆனது.

எனக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, இந்தப் பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்துச்சே, எங்குட்டுப் போச்சு?"

"அது படத்துல வந்த அழுக்குக்கா. தொடச்சிட்டேன்."

"அழுக்குன்னா சின்னச் சின்னதால்ல இருக்கும்? இது பெருசா, தனியா நின்னுச்சு. நான் தரைக்கல்லு பட்டறையில கறை பாத்து ஒதுக்குற வேலை. அதான் கேட்டேன். தப்பா நினைக்காதீக."

ஸ்கேனைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் மனம் கேட்காமல் முதலில் எடுத்த படத்தைத் திறந்து, இரண்டாவது வழியில் நிதானமாகத் துடைத்தேன். மணல் அடங்கியது. இடது பக்கம், மிளகு அளவில் அந்த வெள்ளைப் புள்ளி அப்படியே இருந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். ரத்தம் போகாமல் அடைத்துக்கொண்ட இடமாம். அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். கணவர் வலது கையால் கையெழுத்துப் போட்டார். நான் மறைக்க விரும்பவில்லை. "அக்கா, அன்னைக்கு நீங்க கேக்காம இருந்திருந்தா, தேய்ச்ச படத்தைத்தான் டாக்டருக்கு அனுப்பியிருப்பேன்" என்றேன்.

அந்த அக்கா சிரித்தார். "கேட்டதும் திரும்பப் பாத்தீகள்ல, அது போதும்மா."

இன்றும் யாராவது திரையைக் காட்டி எதையாவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன். இந்தப் பழக்கம் அந்த அக்காவிடமிருந்து வந்தது என்று நினைக்கும்போதெல்லாம் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.