கூடம் கோணல்தான்

1. மீன்கடைக்காரர் போன்

குருபோங் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி குளிர்பெட்டிகளுக்கு கன்ட்ரோலர் செய்தது. நாம் எழுதும் புரோகிராமை சிப்புக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தரும் கம்பைலர் என் பொறுப்பு. பதினொரு வருஷம் அதோடு மல்லுக்கட்டியவள். தலைக்கனம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு திங்கட்கிழமை மீன் வியாபாரி ஒருவர் போனில் கத்தினார். "என்னாங்க மெஷின் இது? கீழ்ப்பெட்டிய மைனஸ் பதினெட்டுல வெச்சேன். காலைல தொறந்தா நாத்தம் கொடலப் பொரட்டுது! இந்த மீன யாரு திங்கிறது, நீங்களா?"

அந்தப் புரோகிராமை எழுதியவர் ராஜன். தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்துக் கம்போங் செட்டிக்காரர், வேலைக்கு வந்து ஐந்து மாதம். பேச்செல்லாம் மலாய், என்னைக் கூப்பிடும் "அக்கா" மட்டும் தமிழ். மெர்டேக்கா சுதந்திர தின லீவுக்கு முன்னால் அவரை நிரந்தரமாக்கும் ஃபாரத்தில் மேனேஜர் தேவன் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. மீன் நாறியதும் ஃபாரம் டிராயருக்குள் போய்விட்டது.

2. பத்து வரி

"அக்கா, என் கோட் சரிதான் லா. கம்பைலர்லதான் என்னமோ இருக்கு," என்றார் ராஜன் மலாயில்.

நான் பக்கத்து மேஜையைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." எல்லாரும் சிரித்தார்கள். புரியாமல் அவரும் சிரித்தார்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. கம்பைலர் மேல் புகார் சொல்பவர், தப்பு தெரியும்படி புரோகிராமைப் பத்து வரிக்குச் சுருக்கிக்கொண்டு வர வேண்டும். ராஜன் சுருக்கினார். பத்து வரி ஒழுங்காக ஓடியது. "பாத்தீங்களா?" என்றேன். தன் மேஜைக்குத் திரும்பினார்.

லீவுக்கு முந்தின நாள் தேவன் என்னிடம், "அந்த ஆளு வேணாம்மா. லீவு முடிஞ்சு வேற யாரையாச்சும் பாப்போம்," என்றார். சரி என்றேன். ஆமாம், சரி என்று சொன்னவள் நான்தான்.

அன்று மத்தியானம் ராஜன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். என் கம்பைலர் வெளியே தள்ளிய சிப் கட்டளை இரண்டாயிரம் வரியையும் அச்செடுத்து, வரிவரியாகப் படித்திருந்தார். ஒரு வரியில் சிவப்பு மையால் வட்டம்.

"இங்க பெட்டிய நகல் எடுக்குது. நான் நகல் கேக்கலியே அக்கா?"

காகிதத்தை வாங்கி அந்த வரியை நானே படித்தேன்.

அவர் எழுதியது இவ்வளவுதான்: மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு, அதில் இந்த எண்ணை வை. தேர்ந்தெடுத்தது நிஜப் பெட்டியாக, அதாவது சொந்த இடம் உள்ள எல்-வேல்யூவாக இருக்க வேண்டும். என் கம்பைலர் அதை வந்துபோகும் ஆர்-வேல்யூவாக எண்ணி, ஒரு நகல் எடுத்து, மைனஸ் பதினெட்டை நகலில் எழுதி, நகலைத் தூக்கிப் போட்டுவிட்டது. எச்சரிக்கைகூட வராது. இரண்டு பெட்டியும் ஒரே வகை என்றால் தப்பு தலைகாட்டாது. மீன்காரரின் கீழ்ப்பெட்டி மட்டும் மேல்பெட்டியின் வகையிலிருந்து பிறந்த ஃப்ரீசர் வகை. பத்து வரிக்குச் சுருக்கியபோது ராஜன் இரண்டையும் ஒரே வகையாக்கியிருந்தார். நான் வைத்த சட்டமே தப்பை மறைத்தது.

கம்பைலரில் அந்த இடத்தைத் திறந்தேன். மேலே நான் முன்பு எழுதிவைத்த குறிப்பு: "வகை வேறானால் நகல் எடு. யாரும் இப்படி எழுதமாட்டார்கள். பிறகு பார்க்கலாம்." கீழே என் பெயர். ஐயோ, பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

திருத்த ஒன்பது வரிதான் ஆனது. குறிப்பை அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வரத்தான் செய்தது.

3. கையெழுத்து

ராஜனையும் அழைத்துக்கொண்டு தேவன் அறைக்குப் போனேன். அந்தக் குறிப்பைக் காட்டினேன். "ராஜன் கோட் சரி. மீன் கெட்டது என்னால," என்று மலாயில் சொன்னேன், ராஜனுக்கும் புரியட்டும் என்று. தேவன் என்னை நன்றாகத் திட்டினார். திட்டிவிட்டு டிராயரைத் திறந்து ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்தப் பழமொழிக்கு அர்த்தம் அன்னிக்கே ஜாலான் பெண்டஹாரா தெருவுல ஒரு தமிழ்க் கடைக்காரர்கிட்ட கேட்டேன் அக்கா," என்றார் ராஜன். "அதுக்கப்புறம்தான் ரெண்டாயிரம் வரியும் படிச்சேன்."

எங்கள் பத்து வரிச் சட்டத்தை லீவு முடிந்த முதல் நாளே எடுத்துவிட்டேன். புகார் வந்தால் முழுப் புரோகிராமையும் வாங்கி நானே படிப்பேன். அந்தக் குறிப்பை அழிக்கவில்லை, அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "ராஜன் இப்படி எழுதினார். அவர் எழுதியது சரி."